நீர்நாயின் உடைந்த கோரைப்பல்

மார்ச் 3, செவ்வாய்

தோள்பட்டை ஆபரேஷன் முடிந்து ஏழாவது வாரம். பிசியோதெரபி டாக்டரம்மா கையைத் தூக்கச் சொன்னார். காது வரை தூக்கிவிட்டேன். அவரே கைதட்டினார். அப்புறம் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, "இன்னும் ஆறு வாரத்துக்கு ரெண்டு கிலோவுக்கு மேல எதையும் தூக்கக் கூடாது, புரிஞ்சுதா?" என்றார்.

புரிந்தது. என் மனதில் ஓடிய ஒரே கேள்வி: லென்ஸும் அந்த ரெண்டு கிலோவில் சேர்த்தியா?

கேட்கவில்லை. கேட்டால் சேர்த்தி என்று சொல்லிவிடுவார்.

மார்ச் 5, வியாழன்

இதை எழுதி வைக்காவிட்டால் தலை வெடித்துவிடும்.

போன வாரம் நாத்தனார் என்னைத் தன் காரில் வேலைக்குக் கூட்டிப்போனாள். டிரைவிங் ஸ்கூல் கார். ஓட்டியது அவளிடம் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஒரு அம்மா. ஏரியின் வடக்கு மூலையில் வண்டி குலுங்கி நின்றுவிட்டது. அந்த அம்மா பதறிக்கொண்டிருக்கும்போதே, ஜன்னலுக்கு வெளியே தண்ணீரிலிருந்து ஒரு நீர்நாய் ஏறி வந்தது. பின்னாலேயே மூன்று குட்டிகள்! மடியிலிருந்த கேமராவில் அவசரமாக ஒரு படம் எடுத்தேன்.

அந்த மூலையில்தான் மோட்டார் படகு விடப்போகிறார்களாம். இன்று ஏரி அலுவலகத்துக்கே போய்ச் சொன்னேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "அங்க நீர்நாயே கிடையாதுங்க. இருக்குன்னா போட்டோ கொண்டு வாங்க. இருபத்தஞ்சாம் தேதி படகு விஷயமா கூட்டம்."

அன்று எடுத்த போட்டோவைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "இது தண்ணில மிதக்கற டயர் மாதிரி இருக்கே" என்றார்.

என் கேமராவோடு வந்த லென்ஸுக்கு அவ்வளவுதான் பார்வை. பாவம், அதைத் திட்டி என்ன பயன்?

மார்ச் 7, சனி

லென்ஸ் வாடகைக் கடை. உள்ளே நுழைந்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடி அலமாரியில் சின்னதும் பெரிதுமாக உட்கார்ந்து என்னையே பார்க்கின்றன.

கடைக்கார அம்மா இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று வைட் ஆங்கிள்: குட்டை, கைக்குள் அடங்கும், வானம், கரை, மரம் எல்லாவற்றையும் ஒரே படத்தில் வாரிப் போட்டுக்கொள்ளும். இன்னொன்று டெலி: முழங்கை நீளம், எதிர்க்கரையில் உட்கார்ந்திருக்கும் கொக்கின் கண்ணை மடியில் கொண்டுவந்து வைக்கும்.

"உங்களுக்கு ஆளைக் காட்டணுமா, ஆள் இருக்கற இடத்தைக் காட்டணுமா?" என்று கேட்டார்.

நான் எங்கே கேட்டேன்? டெலியைக் கண்ணில் வைத்துத் தெருக்கோடியைப் பார்த்தேன். மூன்றாவது மாடியில் காய்ந்த சட்டையின் பட்டன் தெரிந்தது. அவ்வளவுதான். விழுந்துவிட்டேன்.

எடை இரண்டு கிலோ. கேமரா தனி. டாக்டரம்மா மன்னிக்க.

மார்ச் 8, ஞாயிறு

தூக்கத்தானே கூடாது? தூக்கவில்லை! பழைய தலையணை உறையில் கந்தல் துணியை அடைத்துக் கார் ஜன்னல் மேல் போட்டு, லென்ஸை அதன்மேல் படுக்க வைத்துவிட்டேன். லென்ஸை வைப்பதும் எடுப்பதும் நாத்தனார் பொறுப்பு. "அண்ணி, இது லென்ஸா பீரங்கியா? யாராவது பார்த்தா போலீசுக்குப் போன் பண்ணிடுவாங்க" என்கிறாள்.

நீர்நாய் வரவில்லை. கொக்கை எடுத்தேன். நூற்றுப்பத்து முறை.

மார்ச் 11, புதன்

வந்தது! வந்தது! வந்தது!

மார்ச் 12, வியாழன்

நேற்று எழுதவே முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. இன்று நிதானமாக.

காலை ஆறரை. கரையில் ஒரு தட்டைப் பாறை. அதன்மேல் ஏறி உட்கார்ந்து, மீனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சத்தம் போட்டு மென்றது. மீசையில் தொங்கிய தண்ணீர்ச் சொட்டுகூடப் படத்தில் தெரிகிறது.

நான் முதலில் பார்த்தது பல்லைத்தான். பதினேழு வருஷமாகப் பல்செட் செய்பவள் வேறு எதைப் பார்ப்பாள்? மேல்வரிசையில் இடப்பக்கக் கோரைப்பல் முனை உடைந்திருக்கிறது, சரிவாக. கடித்ததில் உடைந்தது போலிருக்கிறது. லேபில் எல்லோருக்கும் காட்டினேன். "பீங்கான்ல ஒண்ணு செஞ்சு மாட்டிடலாமா?" என்றார் மெழுகு வேலை பார்ப்பவர்.

மார்ச் 16, திங்கள்

வாயெல்லாம் பல்லாக அலுவலகம் போனேன். அதிகாரி படத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முகமே மலர்ந்துவிட்டது.

"பிரமாதமா இருக்குங்க. ஆனா... இது எந்த ஏரி?"

பின்னால் ஒன்றுமே இல்லை. வெறும் பச்சை மங்கல். டெலி அப்படித்தான்; ஆளைப் பக்கத்தில் இழுக்கும், ஊரை அழித்துவிடும். "நம்ம ஏரின்னே வச்சுக்குவோம். எங்கேயோ போற வழியில ஒரு நாள் வந்துட்டுப் போனதுன்னு கூட்டத்துல சொல்லுவாங்களே?" என்றார்.

படியில் உட்கார்ந்ததும் அழுகையே வந்துவிட்டது. ஏன்டி, அந்தக் கடைக்கார அம்மா இதைத்தானே கேட்டாங்க? காது எங்க போச்சு உனக்கு?

மார்ச் 17, செவ்வாய்

டெலியைக் கொடுத்துவிட்டு வைட் ஆங்கிளை வாங்கி வந்தேன். கடைக்கார அம்மா ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. ரிமோட் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்.

இதில் நீர்நாய் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் இரண்டு அடிக்குள் போக வேண்டும். நான் போனால் அது ஓடிவிடும். கேமரா மட்டும் போனால்?

டெலிதான் காட்டிக் கொடுத்திருக்கிறதே: அன்றைக்கப்புறம் போய்ப் பார்த்த இரண்டு காலையும் அதே பாறை, அதே ஆறரை மணி.

மார்ச் 20, வெள்ளி

விடியும் முன்பே பாறைக்கு எதிரில் கேமராவைத் தரையோடு தரையாக வைத்து, மேலே கோரைப்புல்லைப் போர்த்தினோம். பின்னால் பம்ப் ஹவுஸ். அதன் சுவரில் ஆளுயர எழுத்தில் ஏரியின் பெயர். வைட் ஆங்கிளில் அது முழுசாக விழுகிறது!

முப்பது அடி தள்ளிக் காரில் ரிமோட்டோடு நான். வந்தது ஒரு தவளை. நாற்பது படம்.

மார்ச் 22, ஞாயிறு

குட்டி ஒன்று நேராகக் கேமராவிடம் வந்துவிட்டது. நான் விடாமல் அமுக்கினேன், அமுக்கினேன். வீட்டில் திறந்து பார்த்தால் அறுபத்திரண்டு படத்திலும் மூக்குத்துவாரம். கடைசிப் பத்து முழுக்க எச்சில். என் வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்துக் கீழேயே உட்கார்ந்துவிட்டார்.

கூட்டத்துக்கு முன்னால் நாளையும் மறுநாளும்தான் மிச்சம்.

மார்ச் 23, திங்கள்

லென்ஸைத் துடைத்து அதே இடத்தில் வைத்தோம். ஆறு முப்பத்தைந்துக்கு மொத்தக் குடும்பமும் பாறை ஏறியது. தாய் மீனைக் கடிக்க வாயைத் திறந்தது. ரிமோட்டை அமுக்கினேன். நாத்தனார் என் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

அவை போனதும் கேமராவைக் காருக்கு எடுத்துவந்து பார்த்தோம். ஒரே படத்தில் எல்லாம்: மூன்று குட்டிகள், ஏரி, சூரியன், பம்ப் ஹவுஸ் சுவரில் ஏரியின் பெயர். பெரிதாக்கிப் பார்த்தேன். மேல்வரிசை, இடப்பக்கம், சரிவாக உடைந்த கோரைப்பல். அதே தாய்!

கத்திய கத்தலில் நாத்தனார், சொல்லிக்கொடுப்பவருக்கென்று தன் பக்கம் இருக்கும் பிரேக்கை மிதித்துவிட்டாள். கார் நின்றுகொண்டுதான் இருந்தது.

மார்ச் 25, புதன்

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பன்னிரண்டு நாள் இடைவெளி, ஒரே பல். கூட்டத்தில் ஒருவர், "எல்லாத்துக்கும் பல் உடையாதா?" என்றார். உடையும், ஆனால் இதே கோணத்தில் இன்னொன்றுக்கு உடையாது என்று பத்து நிமிஷம் பேசினேன். என் வாழ்நாளில் அவ்வளவு பேர் பல்லைப் பற்றிக் காது கொடுத்துக் கேட்டதில்லை.

"நீங்க பல் டாக்டரா?" என்றார் கூட்டத் தலைவர்.

"இல்லைங்க. பல் செய்யறவ."

முடிவு அடுத்த மாதமாம்.

ஏப்ரல் 10, வெள்ளி

அதிகாரியே போனில் கூப்பிட்டார். வடக்கு மூலையில் படகு கிடையாது. தெற்குக் கரைக்கு மாற்றிவிட்டார்கள். "கான்ட்ராக்டர் அவசரப்பட்டு முன்னாடியே சிமெண்ட் சரிவு ஒண்ணு போட்டுட்டார். அது கிடந்துட்டுப் போகட்டும்" என்றார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

படகு இறக்கப் போட்ட சிமெண்ட் சரிவு. மேலிருந்து வயிற்றால் வழுக்கிக்கொண்டு ஒரு குட்டி, அதன் முதுகில் இடித்துக்கொண்டு இன்னொன்று, மூன்றாவது தலைகீழாக. தண்ணீரில் விழுந்ததும் மறுபடியும் மேலே ஓட்டம். கடைசியில் தாயும் ஒரு தடவை.

இருநூற்றெட்டுப் படம் எடுத்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை. சிரித்ததில் எல்லாம் ஆடிவிட்டது.