டோப் என்றால் தோப்பு

பாளையங்கோட்டை
1912 செப்டம்பர் 7, சனி

இன்றைக்கும் தோற்றுப்போனேன். தாலுகா கச்சேரியில் பகல் முழுக்க இங்கிலீஷில் எழுதித் தள்ளுகிற குமாஸ்தா நான். என்னைத் தோற்கடித்தது தேவமணி மாமா மகள் சாலோமி! பெண்கள் பள்ளியில் பாடம் சொல்லித் தருகிறவள். சீமைக்குத் திரும்பிப் போன மிஸ்ஸியம்மா அவளுக்கு ஓர் எழுத்துப் பெட்டி கொடுத்திருக்கிறாள். உள்ளே இங்கிலீஷ் எழுத்து அட்டைகள். ஆளுக்கு ஏழு எடுத்து வார்த்தை கட்ட வேண்டும். சந்தேகம் வந்தால் மாமா அகராதி பார்த்துத் தீர்ப்புச் சொல்லுவார்.

நீளமாய் ஒன்றைக் கட்டலாம் என்று நான் காத்திருந்தேன். அவள் ஏ, ஐ என்று இரண்டே அட்டையை வைத்தாள்.

"இதெல்லாம் ஒரு வார்த்தையா?"

"மரத்துல தலைகீழா தொங்குத மிருகம் அத்தான். லேசுல அசையாது. உங்க கச்சேரியில பாத்ததில்லையா?"

மாமாவும் சேர்ந்து சிரித்தார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

கச்சேரி வேலையைப் போட்டுவிட்டு அகராதியில் குட்டி வார்த்தைகளாய்ப் பொறுக்குகிறேன். எஃப்ட் – பல்லி மாதிரி ஒன்று. எர்ன் – கடற்கழுகு. ஈ, டபிள்யூ, ஈ – பெண் செம்மறி. ஆனால் உச்சரிப்பு 'யூ'வாம்! போன சனிக்கிழமை பவிசாக 'யூ ஆர் வெரி கிளெவர்' என்றேனே, அவள் அப்படிச் சிரித்தது அதற்குத்தானா?

அம்மா மாமாவிடம் கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டாள். "பையன் குடிக்காதவனா இருந்தா போதும்" என்றாராம். மதுவிலக்குச் சங்கத்துக் காரியதரிசி வேறெப்படிப் பேசுவார்? நான் கள்ளுக்கடை இருக்கிற தெருவில்கூட நடந்ததில்லை. சாலோமி மட்டும் கிடைக்காமல் போனால் – வேண்டாம், அதை எழுத மாட்டேன்.

செப்டம்பர் 14, சனி

கெட்டது குடி.

கையில் டி, ஓ, பி, ஈ – TOPE – வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. டோப்! நிலக்கணக்கில் தினமும் எழுதுகிற வார்த்தை அல்லவா – மேங்கோ டோப், மாந்தோப்பு. டப்பென்று வைத்தேன்.

"அப்படி ஒண்ணு கிடையாது அத்தான்" என்றாள் சாலோமி.

மாமா அகராதியைப் புரட்டினார். முகம் மாறிற்று. "டோப். அப்படின்னா மட்டுமீறிக் குடிக்கிறது."

"ஐயோ மாமா, தோப்பு! மாந்தோப்பு!"

"இதுல தோப்பைக் காணோம்லே. குடிதான் கிடக்கு."

"இல்ல மாமா, நாங்க கச்சேரியில தினமும் –"

"தினமுமா?"

சாலோமி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். சிரித்தாளா, அழுதாளா? தெரியவில்லையே!

செப்டம்பர் 15, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்தது. மாமா என் பக்கமே திரும்பவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

"அந்தப் பேச்சு இப்ப வேண்டாம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாராம். அம்மாவாவது என்னை நம்ப வேண்டாமா? "வாயைத் தொறலே" என்று மோந்து பார்க்கிறாள்! சோறு இறங்கவில்லை. சனியன் பிடித்த நாலு அட்டை, என் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டது.

செப்டம்பர் 21, சனி

விளையாடப் போகவில்லை.

செப்டம்பர் 25, புதன்

காலையில் மாமா வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். கையில் அச்சு மை காயாத நோட்டீஸ். சங்கத்தின் வருஷக் கூட்டம் மாந்தோப்பில் நடக்கப்போகிறது. துரைமாருக்காக இங்கிலீஷிலும் போன மாசமே அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்: 'டெம்பரன்ஸ் மீட்டிங் இன் தி மேங்கோ டோப்.'

"சாலோமிதாம்லே பாத்துச் சொன்னா. மானம் போச்சு! தோப்புக்கு வேற வார்த்தை உண்டா?"

நாக்கு நுனிவரை என்னென்னவோ வந்தது. அடக்கிக்கொண்டு, "குரோவ்" என்றேன்.

"அதுல குடி கிடி ஒண்ணும் இல்லையே?"

அகராதியை எடுத்துக் காட்டினேன். நிம்மதியாய்க் கீழே உட்கார்ந்தார். அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"ஏலே நேசையா. நீயும் தோப்புன்னு நினைச்சுத்தான் வச்சியோ?"

"ஆமா மாமா."

"நானும் அப்படித்தாம்லே" என்றார் பைய.

அக்டோபர் 13, ஞாயிறு

கோயிலில் எங்கள் கல்யாண ஓலையை முதல் தடவை வாசித்தார்கள். "இவர்கள் இருவரும் இணையத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம்" என்று குருவானவர் நிறுத்தினார். முன் பெஞ்சில் மாமா தொண்டையைச் செருமினார். எனக்கு உயிரே போய்விட்டது. கோயில் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது.

வெறும் சளிதான்.

ஓலை வாசிக்க இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது. மாமா வீட்டுக்குச் சுக்குக் கஷாயம் கொடுத்தனுப்பும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.