சனிக்கிழமை வகுப்பு

விழுப்புரம்–திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டரான பிரான்சிஸ், காலை டூட்டிக்குக் கிளம்பும்போது மனைவியை எழுப்பவில்லை. காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினான்.

"பிரபா, மாவு புளிச்சிக்கினு இருக்குது, ஃபிரிட்ஜில வச்சிடு. மல்லாட்டை வறுத்து வச்சிருக்கேன், கடலைச் சட்னி அரைச்சுக்கோ. நீ முழிச்சிக்குவேன்னு மிக்ஸி போடல. கேஸ் வரும், சாவிய பக்கத்து வீட்டு மேரி அக்காகிட்ட குடுத்துட்டுப் போ."

அத்தோடு முடித்திருக்கலாம். முந்தின நாள் சண்டை பேனாவை விடவில்லை. விழுப்புரத்தில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே கம்ப்யூட்டர் சயின்ஸில் எம்.எஸ்சி. படிக்கப் பிரபாவதிக்கு ஆசை. திண்டிவனத்துக் கல்லூரியில் சனி, ஞாயிறு வகுப்பில் சேரலாம். இல்லையென்றால் வீட்டிலேயே வீடியோ பார்த்துப் படிக்கலாம். "லீவு நாள்லயும் எதுக்கு அலையுறே? வீடியோவே போதும்" என்றிருந்தான் அவன். "சரி, அதையே எடுத்துக்கறேன்" என்றவள், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அறைக்குள் ஏதோ முனகல் கேட்டது. எட்டிப் பார்த்தான். தூக்கத்தில் முகமெல்லாம் சிரிப்பாக, வலக்கையை லேசாகத் தூக்கி, "பிரசென்ட் சார்" என்றாள் பிரபாவதி.

எந்த வகுப்பில், எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளோ. ஜன்னல் வழியே வந்த விடியல் வெளிச்சம் அந்தக் கைமேல் விழுந்திருந்தது. அவளை அங்கிருந்து கூட்டிவர அவனுக்கு மனம் வரவில்லை.

தாளின் அடியில், மிச்சமிருந்த கொஞ்ச இடத்தில், நுணுக்கி எழுதினான்.

"திண்டிவனத்துலயே சேந்துடு. சனிக்கிழமை என் பஸ்லயே வா, ஜன்னல் சீட்டு புடிச்சு வைக்கிறேன். வீடியோல யாரு உன் பேரைக் கூப்பிடப் போறாங்க?"