பொட்டு வைத்த கேட்சர்

செப். 30, செவ்வாய்
காலையிலிருந்து பேய்க்காற்று. எங்கள் பொயிண்ட் குக் முழுக்கக் குப்பைத் தொட்டிகள் சாய்ந்து கிடந்தன. ஜீலாங் போய், பழைய படங்கள் சேகரிக்கும் பிராங்க்கிடம் ஒரு படம் இரவல் வாங்கி வந்தேன். நூறு வயது தாண்டிய பேஸ்பால் பத்திரிகைப் படம். ஒரு கேட்சர், நம் விக்கெட் கீப்பர் மாதிரி. பின்னால் பத்திரிகை முத்திரை, தட்டச்சு செய்து ஒட்டிய சீட்டு. இன்னொரு பிரதி எங்கும் பார்த்ததில்லை. பிராங்க் யாருக்கும் எதையும் இரவல் தராதவர். எனக்கு மட்டும், சனி வரை. உறையை விட்டு வெளியே எடுக்காதே என்றார். தலையாட்டினேன்.

வாங்க: பொரி, வாழைப்பழம், காருக்கு எலுமிச்சை 4.

அக். 1, புதன்
ஆயுத பூஜை. வீட்டிலிருந்தே வேலை. உறை பளபளத்ததில் கண் கூசியது, படத்தை வெளியே எடுத்தேன். கை சும்மா இருந்தால்தானே. ஸ்கேன் பண்ணலாம் என்று லேப்டாப் பக்கத்தில் வைத்தேன். ஆபீஸ் அழைப்பு, போனோடு மாடிக்குப் போனேன். இறங்கி வந்தால் லேப்டாப், ஸ்கேனர், கேட்சர், எல்லோருக்கும் சந்தனம் குங்குமம். கேட்சருக்கு நெற்றியில்.

உமாவிடம் கத்தினேன்.

"செத்துப் போனவர் படம்தானே. பொட்டில்லாம எப்படி வைக்கிறதுன்னு வச்சேன்."

தப்பு என்னுடையது. தெரிந்தேதான் கத்தினேன். அப்புறம் ஈரப் பஞ்சால் துடைத்தேன். முட்டாள். சிவப்பு மூக்கு வரை இறங்கியது, மேல்பூச்சும் உரிந்து வந்துவிட்டது.

அக். 3, வெள்ளி
மழை. மூன்று தரம் போனை எடுத்து வைத்தேன். நாலாம் தரம் பிராங்க்கிடம் பேசினேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். ரயிலில் பையோடு தொலைத்துவிட்டேன் என்று வாயில் வந்தது. அவர், போனால் போகட்டும், நீ மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே என்றார். திட்டியிருக்கலாம்.

படம் அலமாரியில், சட்டைகளுக்கு அடியில். இனி என்னுடையது. பார்க்கவே பிடிக்கவில்லை.

அக். 4, சனி
வெயில். புல் வெட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்டேன். பிராங்க் கோபித்துக்கொள்ளவில்லை என்று மட்டும்தான் உமாவிடம் சொல்லியிருந்தேன். மத்தியானம் அவளே அவரைக் கூப்பிட்டு, நாளை சாப்பிட வரச் சொல்லியிருக்கிறாள். வருகிறாராம்.

"பொட்டு வச்சது நான்தானே. போன்ல சொன்னா நல்லாருக்காது, நேர்லயே சாரி கேட்டுக்கறேன்."

சாம்பாரில் காரம் குறைக்கவா என்று கேட்டாள். குறை என்றேன்.