மீன்குழம்பில் ஒன்றுமில்லை

மஸ்கட்,
14.3.2004

அன்புள்ள அம்மாவுக்குக் கொளஞ்சி எழுதுவது. மூட்டுவலி எப்படி இருக்கிறது? இந்த வெயிலில் முந்திரிக்கொட்டை பொறுக்கப் போகாதீர்கள்.

ஊரில் எனக்கு இருந்த அதே வயிற்றுப்போக்கு போன வாரம் மறுபடி வந்தது. ரத்தமும் போனதால் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பயப்படாதீர்கள், ஏசி அறை, நல்ல தூக்கம். பார்க்க வரத்தான் ஆளில்லை. குழாய் விட்டுப் பார்த்ததில் குடலெல்லாம் புண்ணாம்.

மலையாளி டாக்டரிடம், "சோத்துல யாராச்சும் மருந்து வச்சா இப்படி ஆகுமா சார்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "யாரும் ஒண்ணும் வைக்கலை. கிருமியை அடிக்க உடம்புல எதிர்ப்புச் சக்தி இருக்குல்ல, அதுவே உங்க குடலை அடிக்குது" என்றார். ஏன் அப்படி என்று அவர்களுக்கே முழுதாகத் தெரியாதாம். மாத்திரையால் அடக்கி வைக்கலாமாம். முந்தாநாள் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

குரும்பலூர்ப் பக்கம், வயிற்றில் வைத்த மருந்தை எடுக்கிறவரிடம் கூட்டிப்போனீர்களே அம்மா, அந்த ஆள் பச்சிலைச் சாறு கொடுத்து வாந்தியெடுக்க வைத்து, ஒரு கறுப்பு உருண்டையைக் காட்டினாரே, அது என் வயிற்றிலிருந்து வந்ததல்ல. "அவதான் மீன்கொழம்புல வச்சுட்டா" என்று நீங்கள் தெருவில் நின்று கத்தியபோது அண்ணி என்னைத்தான் பார்த்தார்கள். நான் குனிந்துகொண்டேன். அண்ணன் அன்றைக்கே தனிக்குடித்தனம் போய்விட்டார்.

ஊறுகாய் வேண்டாம், காரம் ஆகவில்லை. என்னுடன் வேலை செய்யும் ராஜேஷ் லீவில் வருகிறான். அவனிடம் வறுத்த அரிசிக் கஞ்சிமாவு கொடுத்தனுப்புங்கள். நீங்கள் இடிக்க வேண்டாம். அண்ணி வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். "நீ குடுத்தா அவன் சாப்பிடுவான்" என்று சொல்லுங்கள்.

வேலை சைட்டுக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

கொளஞ்சி