ஹீட்டருக்கு விழுந்த லைக்குகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் குளிர் ஊர்ல நான் நல்லா இருக்கேன். உங்க முழங்கால் வலி தேவலையா?

கடையில ஒரு சின்னக் கூத்து, பயப்படாதீங்க. எங்க ஹீட்டர் விளம்பரத்துக்கெல்லாம் நீங்க லைக் போட்டு, சொந்தபந்தம் எல்லாரையும் போட வெச்சீங்களே? வாங்குற ஆளுங்க அங்கதான் இருக்காங்கன்னு நினைச்சு, இணையம் மொத்த விளம்பரத்தையும் நம்ம ஊருக்கே திருப்பிவிட்டுடுச்சு. கொளுத்துற வெயில்ல பெரியப்பா, "ஹீட்டர் தவணைக்குக் கிடைக்குமா?"ன்னு கேட்டிருக்கார்.

"யாருய்யா இந்த ரசிகர் மன்றம்? குளிர்ல நடுங்குறவனைப் பிடி, திட்டத்தை மாத்து!"ன்னு முதலாளி குதிச்சார். எங்க அப்பாதான்னு சொல்லாம, புது விளம்பரம் எழுத உட்கார்ந்துட்டேன்.

அதனால இனி லைக் வேண்டாம்ப்பா. ஆனா புது விளம்பரம் போட்டதும் சும்மா பார்த்துடுங்க. நம்ம ஊர்ல பார்த்தவர் ஒருவர்னு காட்டும், நீங்கதான்னு நினைச்சுக்குவேன்.

முதலாளி வர்றார்.

உங்க மகன்