அப்பாவின் நான்கு துப்பாக்கிகள்

2 அக்டோபர் 1934, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பிரிக்பீல்ட்ஸ் முழுவதும் சேறு. பூகோளத்தில் எனக்குத்தான் முதல் மார்க்.

சாயங்காலம் அப்பா கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தார். மாதம் ஒருமுறை இழுப்பார். மற்றப் பெண்களின் அப்பாக்கள் சீட்டாடுவார்கள், சேவல் வளர்ப்பார்கள். ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருக்கும் என் அப்பா பழைய துப்பாக்கிகளைச் சேர்க்கிறார். நான்கு இருக்கின்றன. இரண்டு, ரவாங் ஈயச் சுரங்கத்துச் சேற்றில் அகப்பட்டவை. ஒன்று கைத்துப்பாக்கி, கிள்ளான் பாசாரில் பழைய இரும்போடு கிடந்தது. நான்காவதுதான் அப்பாவின் உயிர். பந்திங்கில் ஒரு மலாய்ப் பெரியவர் கொடுத்த நீளத் துப்பாக்கி அது. அதன் பித்தளைத் தகட்டில், மயிரிழை போல, அரபி மாதிரி இருக்கும் ஜாவி எழுத்தில் ஒரு பெயரும் ஆண்டும் வெட்டியிருக்கின்றன. கோட்டுக்குள் கறுப்பு படிந்திருப்பதால்தான் கண்ணுக்கே தெரிகிறது. நூறு வருஷத்துக்கு மேல் பழையது என்று பெரியவர் வாசித்துச் சொன்னாராம்.

எதுவும் சுடாது. நான்கின் குழாயையும் அப்பாவே ஈயம் ஊற்றி அடைத்துவிட்டார். தையல் மெஷின் எண்ணெயில் துணியை நனைத்து, குழந்தையின் முகத்தைத் துடைப்பது போலத் துடைப்பார். இரும்பின் பழுப்பை நான் துரு என்றேன்.

"துரு வேற, இது வேற. இது அதோட தோலு. தோல உரிக்கலாமா?"

பட்டறையில் அப்பாவுக்குப் பக்கத்தில் வேலை செய்யும் நாகையா மாமா வாசலில் நின்று, "ஏம்ப்பா பக்கிரி, யாரு மேல படையெடுக்கப் போற? ஃபோர்மன் மேலன்னா என்னையும் சேத்துக்க லா" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே பெட்டியை மூடினார்.

9 அக்டோபர், செவ்வாய்

துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. சுட முடியாதது, நூறு வருஷம் பழையது என்று அதிகாரிக்குத் தெரிந்தால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கடிதம் கொடுப்பார்களாம். இல்லையென்றால் எடுத்துக்கொண்டு போவார்கள். நம் வீட்டுக்கு 19ஆம் தேதி துரை வருகிறார். அப்பாவுக்குக் கவலை இல்லை. நீளத் துப்பாக்கியில்தான் ஆண்டே எழுதியிருக்கிறதே, அதைப் பார்த்தால் மற்றவற்றையும் நம்புவார் என்கிறார்.

12 அக்டோபர், வெள்ளி

ரவாங் பக்கம் மழையில் தண்டவாளம் சரிந்துவிட்டது. அப்பாவை அனுப்பிவிட்டார்கள். 19ஆம் தேதி காலைதான் திரும்புவார். ஆயுத பூஜைக்குத் தன் கருவிகளோடு பெட்டியையும் சாமி முன்னால் வைக்கச் சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்தார். அம்மாவிடம் அல்ல, என்னிடம்!

16 அக்டோபர், செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நாளை ஆயுத பூஜை. வீட்டிலுள்ள பித்தளையை எல்லாம் அம்மா முற்றத்தில் போட்டுப் புளியும் செங்கல் பொடியும் கொடுத்தாள். குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளம், மணி. ஒவ்வொன்றும் பொன்னாக மாறியது. எனக்கு ஒரே உற்சாகம். சாமி முன்னால் அழுக்காக எதையும் வைக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். அப்போதுதான் பெட்டி ஞாபகம் வந்தது.

இரும்பைத் தொடவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவிடவில்லை என்று நினைத்தேன். பித்தளைத் தகட்டை மட்டும்தான் தேய்த்தேன். கறுப்பு போகவில்லை, அதனால் இன்னும் பொடி போட்டு அழுத்தித் தேய்த்தேன். அப்பா வந்து பார்த்து அசந்துபோவார் என்று நினைத்துக்கொண்டே தேய்த்தேன்.

கழுவித் துடைத்தால் என் முகம் தெரிந்தது. எழுத்து தெரியவில்லை.

ஈரம் காய்ந்தால் தெரியும் என்று உட்கார்ந்திருந்தேன். காய்ந்தது. ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தேன். விரலால் தடவிப் பார்த்தேன். வழவழப்பாக இருக்கிறது. பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை.

17 அக்டோபர், புதன்

பூஜை நடந்தது. பெட்டியை மூடியபடியே வைத்தேன். அம்மா மூடிமேல் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். சாமியிடம் என்ன கேட்பது? எழுத்தைத் திருப்பித் தா என்றா?

18 அக்டோபர், வியாழன்

திறந்து பார்த்தேன். தகட்டைச் சுற்றி இரும்பில் செக்கச்செவேல் என்று கோடு. புளித்தண்ணீர் இறங்கியிருக்கிறது. இதுதான் துரு. இப்போது எனக்கு வித்தியாசம் தெரிகிறது.

அப்பா வந்ததும், துரை வருவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

19 அக்டோபர், வெள்ளி

சொல்லவில்லை. ரயில் தாமதம். அப்பா சேற்றுக் காலோடு வந்து முகம் கழுவுவதற்குள் துரையும் அவர் ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் இராமலிங்கம் என்ற கிராணியும் வாசலில் நின்றார்கள். இல்லை, பொய். சொல்ல நேரம் இருந்தது. சாவியைக் கொடுத்தபோது சொல்லியிருக்கலாம்.

முதல் மூன்றையும் துரை தலையாட்டிப் பார்த்தார். நான்காவதை அப்பா தானே எடுத்துத் துணியைப் பிரித்தார். பிரித்த கை அப்படியே நின்றுவிட்டது.

துரை ஆங்கிலத்தில் பேசினார். கிராணி தமிழில் சொல்லும் முன்பே எனக்கு எல்லாம் புரிந்தது. இந்தத் தகடு போன மாதம் செய்தது, இவன் ஃபிட்டர், அடைத்த ஈயத்தை எடுக்க இவனுக்கு அரை மணி போதும். பழையது என்று சொல்லி இவன் துப்பாக்கி தயார் செய்கிறான்.

கிராணி, "பக்கிரிசாமி, தொரை கேக்குறாரு. இதுக்கு யாரு பாலிஷ் போட்டது?" என்றார்.

அப்பா திரும்பி வீட்டுக்குள் ஒருமுறை பார்த்தார். நான் திரைக்குப் பின்னால் இருந்தேன்.

"நான்தாங்க."

"எதுக்கு?"

"பூசைக்கு."

ரவாங்கில் இருந்தவர் எப்படிப் பாலிஷ் போட்டிருப்பார் என்று யாரும் கேட்கவில்லை. வகுப்பில் இங்கிலீஷில் நான் முதல். இரண்டு வாக்கியம் போதும். வெளியே வந்து நின்று, நான்தான் செய்தேன், அது பழையது, என் அப்பா பொய் சொல்ல மாட்டார் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் திறக்கவில்லை. எதற்கு நான் படிக்கிறேன்?

நான்கையும் கோணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள்.

20 அக்டோபர், சனி

அப்பா யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவுக்குத்தான் ஆற்றாமை. "தேயிலைத் தண்ணி மாதிரி எண்ணெய ஊத்தி ஊத்தித் தொடச்சீங்களே, கடேசில திருடன் பட்டம்தான் கெடச்சுது" என்றாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

23 அக்டோபர், செவ்வாய்

நாளைக்குச் சொல்வேன்.

24 அக்டோபர், புதன்

இல்லை.

30 அக்டோபர், செவ்வாய்

வழக்கு இல்லை என்று தகவல். அம்மா கற்பூரம் ஏற்றினாள். ஆனால் நான்கையும் துண்டாக்கிவிட உத்தரவு.

பிற்பகலில் நாகையா மாமா வந்தார். இன்று அவர் கேலி செய்யவில்லை. துப்பாக்கிகளை வெட்டுவதற்கு அப்பாவின் பட்டறைக்கே கொண்டுவந்தார்களாம். ரம்பம் பிடிக்கிறவர்களில் அப்பாதான் கைதேர்ந்தவர் என்று ஃபோர்மன் அவரிடமே கொடுத்துவிட்டார். தானே செய்வதாக மாமா சொல்லியிருக்கிறார்.

"வேணாம்னுட்டான்ம்மா. மத்தவன் கை பட்டா இழுத்து ஒடிச்சிருவான்னு சொல்றான். ஒடைக்கத்தானே போறோம், அதுல என்ன பக்குவம்? எண்ணெய் விட்டு எண்ணெய் விட்டு அறுத்தான்."

மாமா போன பிறகு குளியலறையில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். என்னால்தானே. என்னாலதான். யார்கிட்ட சொல்றது?

6 நவம்பர், செவ்வாய்

தீபாவளி. எனக்குப் பச்சைப் பாவாடை. அப்பா எனக்குப் பிடிக்கும் என்று அதிரசத்தில் பெரியதை எடுத்துக் கொடுத்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

14 டிசம்பர், வெள்ளி

வருஷப் பரீட்சையில் வகுப்பில் முதல். வீட்டில் சொன்னேன். அப்பா சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் உள்ளே வந்துவிட்டேன். கட்டிலுக்கடியில் இப்போது அம்மா அரிசி மூட்டை வைத்திருக்கிறாள்.

20 ஜனவரி 1935, ஞாயிறு

காலையில் கிள்ளானிலிருந்து வேலாயுதம் என்று ஒருவர் வந்தார். பழைய வீட்டைப் பிரித்தபோது கூரையில் ஒரு துப்பாக்கி இருந்ததாம். பழைய துப்பாக்கிகளைப் பற்றித் தெரிந்தவர் இந்த வீட்டு வரிசையில் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்களாம். கையோடு கொண்டுவரவில்லை, கேட்டுப்போகத்தான் வந்தார்.

நான் உள்ளே ஜன்னலுக்குப் பக்கத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். தான் இப்போது அதெல்லாம் பார்ப்பதில்லை என்றார். முதலில் போய் அதிகாரியிடம் காட்டிவிடச் சொன்னார். அவர் சரி என்று எழுந்து நாலடி நடந்த பிறகு, அப்பா அவரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, காட்டுற வரைக்கும் எதையும் தொடைக்காதீங்க. வீட்டுல பொம்பளப் புள்ள இருக்கா?"

"ரெண்டு இருக்கு. ஏன்?"

"துப்பாக்கியோட பித்தளையில புளி வைக்கக் கூடாதுன்னு இப்பவே சொல்லி வச்சிருங்க. ஆசையா தேச்சிரும், அதுங்களுக்கு என்ன தெரியும். நான் இரும்ப மட்டும்தான் சொன்னேன். பித்தளையச் சொல்லாம விட்டுட்டேன்."

அவர் போய்விட்டார். அப்பா உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை. நான் விரித்து வைத்திருந்த பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வரிகூட ஏறவில்லை.