பச்சை மூடி போட்ட என் பேனா

குத்துக்கல்வலசை,
தென்காசி.
20.07.2025

அன்பு மகள் மஞ்சுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே சாரலும் நாங்களும் சுகம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி ஹாலிஃபாக்ஸில் நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நான்கு நாளாகத் துணி காயவில்லை, அப்பாவின் பேங்க் யூனிஃபார்மை ஃபேனுக்குக் கீழே போட்டுத்தான் காய வைக்கிறேன். ஈரத்துக்கு அவருக்கு முழங்கால் வலிக்கிறது, பட்டாளத்தில் வலிக்காதது வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்ததும் வலிக்கிறதாம். குற்றாலம் மெயின் அருவியில் தண்ணீர் கூடிவிட்டதென்று நான்கு நாள் அடைத்து வைத்து நேற்றுத்தான் திறந்தார்கள். வெள்ளிக்கிழமை போனில் நீ பேசப் பேச நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன், அதை நீ சரி என்று எடுத்துக்கொண்டிருப்பாய். சரி என்று நான் சொல்லவில்லை. போனில் என்றால் நடுவில் நீ பேசிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நீ மூன்று காரியம் சொன்னாய். பாண்டிராஜ் சித்தப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், வரும் வியாழக்கிழமை ஆடி அமாவாசைப் படையலில் அந்தப் பேனாவைத் தாத்தா படத்துக்கு முன்னால் வைக்கக் கொடுக்க வேண்டும், பேனா பார்க்கிற வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியே வர வேண்டும். மூன்றையும் நான் செய்யப்போவதில்லை. ஏன் என்று முழுதாகச் சொல்கிறேன், சித்தப்பா உனக்குப் பாதிதான் சொல்லியிருப்பார்.

நீ பைத்தியம் என்று சொல்லும் என் நோட்டில் போன வாரம்வரை இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள் இருந்தன. சினிமாவிலோ டிவித் தொடரிலோ இங்க் பேனா வந்தால் நிறுத்திப் பார்த்து எழுதுவேன். என்ன பேனா, யார் கையில், என்ன எழுதினார்கள், பத்துக்கு எத்தனை மதிப்பெண். பணக்கார அப்பாவின் பையில் தங்கக் கிளிப் பேனா இருக்கும், படம் முடியும்வரை அதைத் திறக்க மாட்டார். ஒரு டாக்டர் மூடியைக் கழற்றாமலேயே மருந்து எழுதிக் கொடுத்ததைக் கண்டுபிடித்தது கடையநல்லூர் மெஹர் பானு, கணக்கு டீச்சர், குரூப்பில் எனக்குக் கிடைத்த சிநேகிதி. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். ஒருநாள் ‘யார் கையில்’ என்ற கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டில் பெண் கையில் பேனா இருந்தது முப்பத்தொரு தடவை, அதில் பத்தொன்பது பேர் எழுதியது ‘என்னைத் தேட வேண்டாம்’ என்ற கடிதம். ஆண்கள் கையெழுத்துப் போடுகிறார்கள், பெண்கள் எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள். இதைப் பார்த்த பிறகு எப்படி நோட்டை மூடச் சொல்கிறாய்?

நம் கீழப்பாவூர் வீட்டை ஒரு தொடருக்குச் சித்தப்பா கொடுத்தது உனக்குத் தெரியும். வீடு டிவியில் வருகிறது, பாருங்கள் பாருங்கள் என்று சொந்தக்காரர் எல்லாருக்கும் போன் போட்டார். போன திங்கள் சாயங்காலம் பார்த்தேன். வீட்டுப் பெரியவராக நடிக்கிறவர் மேஜையில் உட்கார்ந்து சொத்தைப் பிரித்துக் கையெழுத்துப் போடுகிறார், கையில் இங்க் பேனா. உடம்பு கறுப்பு, மூடி பச்சை. நிப்பைத் தலைகீழாகப் பிடித்திருந்தார், காகிதத்தைக் காட்டும்போது கோடு ஒரே கனமாக, வேறு பேனாவில் முன்கூட்டியே போட்ட கையெழுத்து. உடனே குரூப்பில் எழுதினேன்: இவ்வளவு பெரிய வீட்டில் ஒரு முழுப் பேனா கிடைக்கவில்லையா, மூடியைக் கடன் வாங்கி மாட்டியிருக்கிறார்களே, பூஜ்யம். மெஹர் பானு, “சட்டைய ஒருத்தன்ட்ட வாங்கி, வேட்டிய இன்னொருத்தன்ட்ட வாங்கிக் கட்டுன மாதிரில்லா இருக்கு யக்கா” என்று போட்டாள். எல்லாரும் சிரித்தோம்.

மறுநாள் காலையில் சாம்பாருக்குப் பருப்பு வெந்துகொண்டிருந்தபோது அந்தக் காட்சியைப் போனில் திரும்ப ஓட்டினேன். பேனாவின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள், வரிசையாக நான்கு. மஞ்சு, அவை உன் பற்கள். இரண்டு வயதில் நீ கடித்தது. கறுப்பு மூடியைக் கிணற்றில் போட்டதும் நீதான், அதற்குப் பிறகு இன்னொரு பேனாவின் பச்சை மூடியைப் பொருத்தியது நான். என் பேனாவுக்கு நானே பூஜ்யம் போட்டு ஊரோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். அடுப்பை அணைத்தேன். ஏன் எனக்கு அடையாளம் தெரியவில்லை என்று யோசித்தேன். அது ஒரு பெரிய மனிதர் கையில் இருந்தது, பெரிய மனிதர் மேஜையில் இருந்தது, அதனால் அது என்னுடையதாக இருக்கும் என்று எனக்கே தோன்றவில்லை. இதை நினைத்துத்தான் எனக்கு முதலில் கோபம் வந்தது, சித்தப்பாமேல் இல்லை.

அந்தப் பேனாவின் கதையை உனக்குச் சொன்னதில்லை. எம்.எஸ்ஸி. முடித்த வருஷம் ஒரு கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளராக எனக்கு வேலை கிடைத்தது. முதல் நாள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட என்று தென்காசியில் அதை வாங்கினேன். பெயர், பட்டம் எல்லாம் சேர்த்து ஒரு கையெழுத்து, பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் முழுக்கப் போட்டுப் பழகினேன். அதற்குள் கல்யாணம் நிச்சயமானது. என் மாமனார், அதாவது உன் தாத்தா, “நம்ம வீட்டுப் பொம்பளைய பஸ் ஏறிப்போயி வேல பாக்கணும்னு என்ன வந்திருக்கு” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். தாத்தா கெட்டவர் இல்லை, நீ பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நாள் சாப்பிடாமல் நின்றவர். ஆனால் அந்த வரியைச் சொன்னவரும் அவர்தான். பேனாவைக் கீழப்பாவூர் பீரோவில் வைத்தேன், நாம் இந்த வீட்டுக்கு வந்தபோது தேடினேன், கிடைக்கவில்லை. படப்பிடிப்புக்காகப் பீரோவை ஒழித்தபோது சித்தப்பா கண்ணில் பட்டிருக்கிறது, பழைய பேனா வேண்டும் என்று கேட்டவர்களிடம் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அந்த வாரம் வியாழக்கிழமையோடு படப்பிடிப்பு யூனிட் ஊருக்குக் கிளம்புகிறது என்று கேள்விப்பட்டு, செவ்வாய் மத்தியானமே மெஹர் பானுவின் ஸ்கூட்டரில் ஏறிக் குற்றாலத்தில் அவர்கள் தங்கியிருந்த லாட்ஜுக்குப் போனேன். மழையால் படப்பிடிப்பு இல்லை. வராந்தா முழுக்க ஈரத்துண்டு, எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவி திறக்கக் காத்திருக்கிற கூட்டம், நடுவில் உன் சித்தப்பா டீ குடித்துக்கொண்டிருக்கிறார். “மதினி, இங்கன எங்க? குளிக்க வந்தியளா? அருவிய அடச்சிட்டான்லா” என்றார். விஷயத்தைச் சொன்னதும், “அது எங்கய்யா பேனா மதினி, எங்கய்யா பீரோவுல இருந்து நாந்தான எடுத்துக் குடுத்தேன்” என்று சிரித்தார். மெஹர் பானு சும்மா இருப்பாளா, “ஏன் அண்ணாச்சி, பீரோவுல சேல இருந்தாலும் ஒங்க அய்யாவோடதுதானா” என்று கேட்டுவிட்டாள். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். நீ சொல்லும் அவமானம் இதுதான். அவளுக்குப் பதிலாக நான் மன்னிப்புக் கேட்க முடியாது, அவள் கேட்டது நியாயமான கேள்வி.

மேஜைச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் ஜஸ்டின் என்ற நாகர்கோவில் பையன் பேனாவைக் கொண்டுவந்து, என்ன அடையாளம் மேடம் என்று கேட்டான். திறக்காதீங்க தம்பி, முதலில் சொல்லிவிடுகிறேன் என்றேன். மை கசியாமல் இருக்கக் கழுத்து மரையில் மஞ்சள் நூல் சுற்றியிருக்கும், என் நிச்சயதார்த்த ஜாக்கெட் தைத்த நூல். அவன் திருகித் திறந்தான். மஞ்சள் நூல் அப்படியே இருந்தது, மை பட்ட இடம் மட்டும் கறுத்திருந்தது. சித்தப்பா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

பெரியவர் காட்சி இன்னும் இரண்டு இருக்கிறது, அதே பேனாதான் வேண்டும், இரண்டு நாள் கொடுங்கள் என்று ஜஸ்டின் கெஞ்சினான். நானும் கூட வந்து உட்காருவேன் என்று சொல்லிக் கொடுத்தேன். நம் வீட்டு முற்றத்தில் எனக்கே நாற்காலி போட்டார்கள். அந்த நடிகருக்கு நிப்பை எந்தப் பக்கம் பிடிப்பது என்று காட்டினேன், “நாப்பது வருஷமா தப்பாவே புடிச்சிருக்கேம்மா” என்றார், நல்ல மனிதர். இரண்டாம் நாள் மருமகளாக நடிக்கிற பெண் அதே மேஜையில் உட்கார்ந்தாள். என்ன காட்சி என்று கேட்டேன். வீட்டை விட்டுப் போகிறாள் மேடம், லெட்டர் எழுதி வைக்கிறாள் என்றான் ஜஸ்டின். பேனாவை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கதையை மாற்றச் சொல்ல நான் யார், ஆனால் இந்தப் பேனா அந்தக் கடிதத்தை எழுதாது என்றேன். அவன் தலையைச் சொறிந்துவிட்டுத் தன் சட்டைப்பையில் இருந்த ஜெல் பேனாவைக் கொடுத்தான். அந்தப் பெண் மட்டும் என்னைப் பார்த்து மெதுவாகச் சிரித்தாள்.

இதற்குப் பிறகுதான் சித்தப்பா உனக்குப் போன் செய்திருக்கிறார். பேனா என்னுடையது என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால், “டிவியில பாத்துட்டு ஊரே அய்யா பேனாங்குது, இனி நாங்க எப்படி இல்லங்கது? அமாவாசைக்குப் படத்துக்கு முன்னால வச்சிருவோம், அங்கனயே இருக்கட்டும்” என்கிறார். தெரியாமல் எடுத்ததைப் பற்றி நான் ஒரு சொல் சொல்லவில்லை, நானே தெரியாமல் பூஜ்யம் போட்டவள்தானே. தெரிந்த பிறகும் தாத்தா பேனாவாகவே அது இருக்கட்டும் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எந்தக் கையெழுத்தை அவர் போடவிடவில்லையோ, அதற்கு வாங்கிய பேனாவை அவர் ஞாபகமாக வைத்து நான் கும்பிட வேண்டுமா? அப்பா முதலில், “ஒரு பேனாதானட்டி, விட்டுரேன்” என்றார். நேற்று அவரையும் அழைத்துக்கொண்டு கீழப்பாவூர் போனேன். சுவரில் இருக்கிற தாத்தா படத்தை இறக்கச் சொல்லி, சட்டைப்பையைக் காட்டினேன். பையில் தெரிவது அமுக்கு பொத்தான் வைத்த பால் பாயிண்ட் பேனா. இத்தனை வருஷமாக மாலை போடுகிறார்கள், ஒருத்தரும் பார்த்ததில்லை. சித்தப்பா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “பால் பாயிண்ட்ட எப்படிப் படையல்ல வைக்கது மதினி, அசிங்கமா இருக்காதா” என்றார். அவர் வைத்திருந்ததை வைக்க என்ன அசிங்கம் என்றேன். படத்தில் இருக்கிற மாதிரியே பால் பாயிண்ட் பேனா ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், வியாழக்கிழமை வடை பாயசத்தோடு நானே கொண்டுபோய் வைப்பேன். சித்தப்பா முகத்தைத் தூக்கிக்கொண்டால் தூக்கிக்கொள்ளட்டும், பரிமாறும்போது அவருக்கு இரண்டு வடை கூட வைத்துவிடுவேன்.

திரும்பி வரும்போது அப்பா தென்காசி பஜாரில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு கடைக்குள் போய், இரண்டு மைப் புட்டிகளோடு வந்தார். “நீலமா கறுப்பான்னு கேட்டான், எனக்கு என்ன தெரியும், ரெண்டையும் வாங்கிட்டேன்” என்றார். இந்தக் கடிதத்தில் என் பேனா எழுதுவது நீலம். முதல் பக்கத்தில் அங்கங்கே திட்டு இருக்கும், பேனா பழக்கத்துக்கு வர நேரமானது.

நோட்டில் இருநூற்றுப் பதின்மூன்றாவது வரியைத் திருத்திவிட்டேன். பூஜ்யத்தை அடிக்கவில்லை, அவர் பிடித்தது தப்புத்தான். யாருடையது என்று புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். நீ ஆய்வகத்தில் எழுதும் பேனாவில் உன் பெயரை ஒட்டி வை, மறக்காதே. வைட்டமின் மாத்திரையைக் காலையிலேயே போட்டுவிடு. குளிர் வருவதற்குள் நல்ல கோட்டாக வாங்கிக்கொள். குற்றாலநாதரும் குழல்வாய்மொழி அம்மனும் உன்னை நோயில்லாமல், பயமில்லாமல் வைத்திருக்கட்டும். கோபம் இருந்தால் பதில் கடிதத்தில் எழுது, போனில் வேண்டாம். கீழே இருப்பது காலண்டர் தாளில் பழகிய கையெழுத்து, இருபத்து நான்கு வருஷத்துக்குப் பிறகும் கை மறக்கவில்லை.

உன் அம்மா,
பொ. குழல்வாய்மொழி, எம்.எஸ்ஸி.